ஒரு விரற்கடை

புதிதாக வெள்ளைக் கோட்டு மாட்டப் போகிற தம்பிகளே, நீங்கள் எல்லோரும் பரீட்சை எழுதித் தேறி வந்தவர்கள். நான் அம்பயர் ஆன காலத்தில் பரீட்சையும் கிடையாது, பஸ் செலவும் கிடையாது. வெயில் மட்டும் தாராளமாக உண்டு. நோபால் எப்போது கூப்பிடுவது, எல்.பி.டபிள்யூ. எப்போது கொடுப்பது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் என்னைவிடத் தெளிவாகவே இருக்கிறது. அதை நான் திரும்ப ஒப்பித்தால் பின்வரிசைக்காரர்கள் தூங்கிவிடுவார்கள், முன்வரிசைக்காரர்கள் மரியாதைக்காக விழித்திருப்பார்கள். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு ஆட்டக்காரனைப் பற்றிச் சொல்கிறேன். அவனைப் பற்றிச் சொன்னாலே என் வேலையைப் பற்றிச் சொன்ன மாதிரிதான்.

நான் செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்காரன். வாரத்தில் ஆறு நாள் கடையில் உட்கார்ந்து துணி அளப்பேன், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நிற்பேன். முதல் தடவை என்னை இழுத்துக்கொண்டு போனவர்கள் சொன்ன காரணம் எனக்கு இன்றும் சிரிப்பு மூட்டுகிறது. ராவுத்தர் கடையில் அளவு சரியாக இருக்கும், அதனால் ராவுத்தரையே நிறுத்துவோம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். கிரிக்கெட்டைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பந்து கடைக்குள் வந்து விழுந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான். பிறகு ஆசை பிடித்துக்கொண்டது. விதிகளை ஒருவரிடம் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்தேன்.

என்னோடு என் கடையின் கஜக்கோலும் மைதானத்துக்கு வந்தது. அதற்குக் காரணம் உண்டு. இன்றைக்கு நீங்கள் புல்தரையில் நிற்கிறீர்கள். அந்த நாளில் சேலத்தில் புல் ஏது? உருளை போட்டு இறுக்கிய செம்மண்ணின் மேல், தென்னை நாரில் பின்னிய நீளமான விரிப்பைப் போடுவார்கள். மேட்டிங் என்போம். அதை ஆட்கள் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து, ஓரங்களில் இரும்பு ஆணி அடிப்பார்கள். ஸ்டம்புகள் மண்ணில் நிற்கும். மட்டைக்காரன் ஓடி வந்து தொட வேண்டிய எல்லைக்கோட்டை மேட்டிங்கின் மேல் சுண்ணாம்பால் போடுவோம். ஸ்டம்பிலிருந்து நான்கு அடி, அதாவது ஒரு கஜமும் ஒரு அடியும். அதை அளக்கத்தான் என் கோல். காலையில் தண்ணீர் தெளித்து இழுத்துக் கட்டினால் மேட்டிங் கயிற்றுக் கட்டில் போல விறைப்பாக இருக்கும். மதியம் காய்ந்ததும் நார் தளரும், ஆணிகள் ஆட ஆரம்பிக்கும். ஆகவே ஒவ்வொரு இடைவேளையிலும் மறுபடி இழுத்து ஆணி அடிப்பது வழக்கம். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

எனக்கு ஜோடியாக எதிர்முனையில் நின்றவர் என்னைவிட மூத்த அம்பயர். எங்கே பேசினாலும் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அந்த வாக்கை இன்றும் காப்பாற்றுகிறேன். அவருக்கு ஒரு பழக்கம். யாராவது அவுட் கேட்டுக் கத்தினால் உடனே பதில் சொல்ல மாட்டார். கோட்டின் நடுப் பொத்தானைக் கழற்றுவார், மறுபடி போடுவார், அதன்பிறகுதான் விரல் மேலே போகும் அல்லது தலை ஆடும். அவருக்கு ஏதோ நடுக்க வியாதி என்று நான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன். "கத்துறவன் கத்தி முடிக்கட்டுமே ராவுத்தரே. நான் பாத்ததை இன்னொரு தரம் பாக்க வேண்டாமா?" என்றார். இந்தக் கூட்டத்தில் அவர் சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் அந்த ஒரே பதிலில் அன்றே சொல்லிவிட்டார்.

இப்போது செங்கோடனுக்கு வருகிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம் புன்செய்க் காடு உழுது பிழைக்கும் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. சேலத்தில் பள்ளிக்கூடம் படிக்க வந்து, படிப்பை ஒரு கரையில் விட்டுவிட்டு விளையாட்டில் இறங்கிவிட்டான். ஊரில் இருக்கும்போது சடுகுடு. நடுக்கோட்டிலிருந்து ஒரு ஆள் நீளத்துக்கு அப்பால் நாலு பேர் அவனை அமுக்கிப் பிடித்தாலும், எப்படியோ நெளிந்து ஒரு விரலைக் கோட்டின்மேல் வைத்துவிடுவான் என்று சொல்வார்கள். சேலத்துக்கு வந்ததும் ஓட்டப்பந்தயம், கால்பந்து, ஹாக்கி, பூப்பந்து, கடைசியாகக் கிரிக்கெட். எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் அவனுக்குக் கை ஊறும். ஒரே நாளில் காலையில் ஹாக்கியும் மாலையில் கால்பந்தும் ஆடிவிட்டு, இருட்டும் வேளையில் என் கடை வாசலில் நின்று, "ஏனுங்க ராவுத்தரே, நாளைக்கு மேட்ச் ஏதாச்சுமுங்களா?" என்று கேட்பான். அவனைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அவ்வளவு ஆசையோடு ஒரு மனிதன் உடம்பை வைத்துக்கொண்டிருப்பதை நான் பிறகு பார்க்கவில்லை.

ஒரே ஒரு தொல்லை. ஒரு ஆட்டத்தில் கற்றதை அவன் உடம்பு இன்னொரு ஆட்டத்தில் இறக்கிவிடும். கால்பந்துப் போட்டி ஒன்றில் எதிரணியின் கோலுக்கு முன்னால் தலைக்கு மேலே வந்த பந்தை எகிறி இரண்டு கையாலும் பிடித்து, அதை மேலே தூக்கிப்போட்டுக் கொண்டாடினான். கேட்ச் பிடித்த ஞாபகம். மைதானமே சிரித்தது. அவனும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தான். ஆனால் அதே கோளாறு கிரிக்கெட்டில் அதிசயங்களும் செய்தது. ஹாக்கி மணிக்கட்டால் அவன் அடிக்கும் பந்து தரையை விட்டு எழும்பாது, யாராலும் கேட்ச் பிடிக்க முடியாது.

ஏற்காட்டு மலைத் தோட்டங்களின் துரைமார் ஓர் அணி வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை கார்களில் மலையிறங்கி வந்து எங்கள் ஊர் அணியோடு ஆடுவார்கள். அப்படி ஒரு ஆட்டத்தில் துரை ஒருவர் பந்தைத் தட்டிவிட்டு ஒரு ரன்னுக்கு ஓடினார். பந்து செங்கோடனுக்கு எட்டாமல் பக்கவாட்டில் உருண்டுகொண்டிருந்தது. குனிந்து எடுத்து எறிய நேரமில்லை. ஓடி வந்த வேகத்திலேயே வலதுகாலால் ஓங்கி உதைத்தான். பந்து நேராகப் போய் நடு ஸ்டம்பைச் சாய்த்தது. துரை கோட்டுக்கு ரொம்பத் தூரத்தில் நின்றார். அவர்களுடைய கேப்டன் என்னிடம் விறுவிறு என்று வந்தார். தோட்டத்து ஆட்களிடம் பேசிப் பழகிய தமிழ் அவருடையது, மரியாதை எல்லாம் அதில் தேடக் கூடாது. "இது ஃபுட்பால் இல்லே. காலாலே அடிச்சா எப்படி அவுட்?" என்றார்.

எனக்கும் அப்போது சந்தேகம்தான். காலால் உதைத்து அவுட் ஆனதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை. எதிர்முனையைப் பார்த்தேன். ஜோடிக்காரர் தன் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார், எனக்கு உதவ வரவில்லை. நானும் என் கோட்டுப் பொத்தானைக் கழற்றிப் போட்டேன். மனப்பாடம் செய்த விதியை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். ஸ்டம்பைப் பந்தால் சாய்க்க வேண்டும் என்று இருந்தது. பந்து எதனால் அங்கே போக வேண்டும் என்று எதுவும் இல்லை. விரலைத் தூக்கினேன். அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட ஒன்று இதுதான்: இதுவரை நடந்ததில்லை என்பதற்காக ஒன்று தப்பாகிவிடாது. விதி எதைச் சொல்கிறது, நாமாக எதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

இந்தச் செங்கோடனுக்கு ஒரு நெருக்கடி வந்தது. அப்பா தவறிப்போனார். மூத்த அண்ணன் காட்டையும் குடும்பத்தையும் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். தம்பி பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் எந்த அண்ணனுக்குத்தான் பொறுக்கும்? வருகிற பொங்கலுக்குள் விளையாட்டாலே ஒரு வேலை கிடைத்தால் போ, இல்லாவிட்டால் ஊருக்கு வந்து ஏரைப் பிடி, அத்தோடு மைதானத்துப் பக்கம் தலைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். செங்கோடனும் ஒப்புக்கொண்டான்.

அந்த நாளில் பெரிய கம்பெனிகள் தங்கள் அணிகளுக்காக ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுப்பது உண்டு. மதராஸில் ஒரு கம்பெனிக்காக ஆள் பொறுக்கும் அதிகாரி ஒருவர் செங்கோடனின் ஹாக்கியைப் பார்த்து மயங்கிவிட்டார். இன்னொரு தரம் வந்து கால்பந்தையும் பார்த்தார். ஒரு சம்பளத்தில் மூன்று அணிக்கு ஆள் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் அவருக்குக் கால்பந்து மைதானத்தில் நடந்த அந்தக் கேட்ச் கதை யாரோ சொல்லித் தெரிந்திருந்தது. எங்கள் ஊர் கேப்டனிடம் சொன்னாராம்: "ஆள் தங்கம். கிரிக்கெட்டில் இறங்கினால் கிரிக்கெட்டை மட்டும் ஆடுவானா என்று ஒருமுறை பார்த்துவிடுகிறேன்." மார்கழியில் மலைத் துரைமாரோடு ஆடும் ஆட்டத்துக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் செங்கோடன் கடைக்கு வந்தான். எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"ராவுத்தரே, நாளைக்கு நீங்கதானுங்க நிக்கறீங்க?"

"ஆமாம்ப்பா, நானும் பெரியவரும்."

"அப்பச் செரிங்க" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் எனக்கு ராத்திரி முழுக்க உறுத்தியது. சலுகை கேட்டிருந்தால் திட்டி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் கூட்டமான கூட்டம். அந்த அதிகாரி புளியமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் கஜக்கோலைக் காலையில் கோடு போட்டு முடித்ததும் அதே மரத்தில் சாய்த்து வைத்திருந்தேன். துரைமார் முதலில் ஆடினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேட்டிங்கை இழுத்து ஆணி அடித்து, எங்கள் அணி ஆட ஆரம்பித்தது. தேநீர் இடைவேளை வந்தபோது துரைமாரின் கேப்டன், இருட்டுவதற்குள் கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி மலைப்பாதை ஏற வேண்டும், இடைவேளை வேண்டாம் என்றார். எங்கள் கேப்டனும் கைகுலுக்கிவிட்டார். ஆணிகளை ஒருமுறை தட்டிவிடலாமே என்று நான் சொன்னதற்கு இரண்டு பேருமே, நேரமாகிறது, நேரமாகிறது என்றார்கள். இரண்டு கேப்டன்கள் ஒத்துக்கொண்டால் அம்பயர் பேச்சு எடுபடாது.

செங்கோடன் அன்று ஆடிய ஆட்டத்தை முழுக்க விவரித்தால் பொழுது போதாது. எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொருவராக வந்து போனார்கள், அவன் மட்டும் நின்றான். பொறுமையாக, நல்ல பந்தைத் தடுத்து, கெட்ட பந்தை மட்டும் அடித்து, அசல் கிரிக்கெட்காரனாக ஆடினான். மரத்தடியில் அதிகாரி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். கடைசியில் ஜெயிக்க இரண்டு ரன் வேண்டும், கைவசம் ஒரே விக்கெட் என்று ஆகிவிட்டது. துணைக்கு நின்றவர் மட்டையைத் தடியைப் போலப் பிடிப்பவர். அவர் கையில் ஆட்டத்தை விட முடியாது, செங்கோடனே இரண்டு ரன்னும் ஓட வேண்டும். நான் அந்த ஓவரில் மட்டைக்காரர் பக்கம், பக்கவாட்டில் நின்றிருந்தேன். எல்லைக்கோடு எனக்கு நேராக இருந்தது.

பந்தைத் தூரத்து முள்வேலிப் பக்கம் தள்ளிவிட்டு ஓடினான். முதல் ரன் சுலபமாக வந்தது. திரும்பி இரண்டாவதற்கு ஓடி வரும்போது பந்து விக்கெட் கீப்பரை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டப்பந்தயக்காரன் அல்லவா, காற்றாகத்தான் வந்தான். ஆனாலும் பந்து முந்திவிடும் போலிருந்தது. அப்போது அவன் உடம்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. உயிர் பிழைக்கக் கோட்டைத் தொட வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் அது நேராகச் சடுகுடுக் களத்துக்குப் போய்விட்டது. மட்டையைக் கீழே போட்டான். இரண்டு கையும் முன்னால் நீட்டித் தரையோடு பாய்ந்தான்.

நார் மேட்டிங்கில் அந்த நாளில் யாரும் பாய மாட்டார்கள். பாய்ந்தால் தோல் உரிந்துவிடும். அவன் விழுந்த வேகத்தில் தளர்ந்திருந்த ஆணிகள் பிடுங்கிக்கொண்டன. மேட்டிங் அவனோடு சேர்ந்து ஸ்டம்பை நோக்கி வழுக்கியது. அதன்மேல் இருந்த வெள்ளைக் கோடும் அதோடு போனது. அவன் நின்றுவிட்டான். அதற்குப் பிறகுதான் கீப்பர் பந்தைப் பிடித்து விக்கெட்டைத் தட்டினார். இந்த வரிசையை நான் கண்ணால் பார்த்தேன். அவன் விரல் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே இருந்தது.

பதினொரு துரைமாரும் ஒரே குரலில் கத்தினார்கள். வெள்ளைக் கோடு எல்லோருக்கும் தெரிந்தது, விரலும் தெரிந்தது. செங்கோடன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுந்திருக்கப் போனான்.

"தம்பி, கையை எடுக்காதே" என்றேன்.

அவன் அப்படியே கிடந்தான். நான் என் நடுப் பொத்தானைக் கழற்றினேன். வெள்ளைக் கோடு எங்கே இருக்கிறது என்பதா கேள்வி, ஸ்டம்பிலிருந்து நான்கு அடி எங்கே இருக்கிறது என்பதா? கோடு நாம் போட்டது. ஓடிப்போன கோட்டை வைத்து ஒருவனை அவுட் சொல்ல முடியாது. பொத்தானைப் போட்டேன். அதற்குள் ஜோடிக்காரர் எதிர்முனையிலிருந்து புளியமரத்துக்கே நடந்து போய், என் கஜக்கோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் கேட்கவே இல்லை. என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

துரைமாரின் கேப்டன் சிவந்துபோனார். "என்ன அளக்குறே? கோடு தெரியுது, கை வெளியே. அவுட் சொல்லு."

"கோடு நகர்ந்திருக்கு துரை. ஸ்டம்ப் நகரலை. ஸ்டம்பிலிருந்துதான் அளக்கணும்" என்றேன்.

இப்போது கூட்டத்துக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ராவுத்தர் நம்ம பையனைக் காப்பாற்றப் போகிறார் என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஸ்டம்பின் அடியில் கோலின் ஒரு முனையை வைத்து மண்டியிட்டேன். ஒரு கஜம் முடிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தேன். கடையில் கஜம் போட்டுப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். வேண்டியவருக்குக் கட்டைவிரல் கொஞ்சம் முன்னால் நகரும், வேண்டாதவருக்குக் கொஞ்சம் பின்னால் நகரும், கண்ணுக்கே தெரியாது. அவன் கை எனக்கு எதிரே கிடந்தது. உள்ளங்கை உரிந்து ரத்தம் நாரில் இறங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் நகரவில்லை. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். உன் கடையை எழுதிக் கொடு, அவன் ஜெயிக்கட்டும் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கட்டைவிரல் கடையைவிடப் பெரிய சமாசாரம்.

கோலைத் திருப்பி வைத்து மேலே ஒரு அடி அளந்தேன். அவன் நடுவிரல் நுனிக்கும் நான்கு அடிக்கும் நடுவே இடைவெளி இருந்தது. என் ஆள்காட்டி விரலைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்தது. ஒரு விரற்கடை. மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பாய்ந்திருந்தால் இரண்டு அடி உள்ளே வந்திருப்பான்.

எழுந்து நின்று விரலைத் தூக்கினேன்.

"எந்திரிக்கலாமுங்களா?" என்றான் செங்கோடன்.

"எந்திரிப்பா."

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "எத்தனை கொறையுதுங்க?"

என் ஆள்காட்டி விரலைக் காட்டினேன். அவன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பின்னால் போய், போட்டுவிட்டு வந்த மட்டையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தான். ரத்தம் ஆகாமல் இருக்க மட்டையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான்.

ஜெயிக்க வேண்டிய ஆட்டம் சமனில் முடிந்தது. மதராஸ் அதிகாரி நல்ல மனிதர்தான், கோபமாக ஒன்றும் பேசவில்லை. "மட்டையை விட்டுவிட்டானே" என்று மட்டும் எங்கள் கேப்டனிடம் சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். கூட்டத்திலிருந்து ஒரு மண்ணாங்கட்டி என் கோட்டின் முதுகில் வந்து விழுந்தது. துரைமாரின் கேப்டன் காரில் ஏறும்போது என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். எனக்கு அது இனிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டு அழுதேன். சரியான தீர்ப்புச் சொன்னால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். சில சரியான தீர்ப்புகள் நெஞ்சில் கல்லாகத்தான் உட்காரும்.

பொங்கல் வந்தது, வேலை வரவில்லை, செங்கோடன் ஊருக்குப் போய்விட்டான். செவ்வாய்ப்பேட்டையில் எனக்குக் 'கஜக்கோல் அம்பயர்' என்று பெயர் வைத்தார்கள். துணி எடுக்க வருகிறவர்கள், "ராவுத்தரே, வேற கோல் இருக்குதுங்களா, இந்தக் கோல் துரைமாருக்குச் சாயுமாமே" என்று கிண்டல் செய்தார்கள். நாளாக ஆகக் கதை வளர்ந்தது. செங்கோடன் அவுட்டே இல்லை, ராவுத்தர் துரைக்குப் பயந்து கை தூக்கிவிட்டார் என்பதுதான் ஊரில் நிலைத்துப்போன கதை. நான் மறுக்கவில்லை. மறுத்து எத்தனை பேருக்கு அளந்து காட்டுவது?

யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களின் பின்னால் கரி அடுப்பு வைத்து ஓட்டினார்கள் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். நாமக்கல்லில் ஒரு ஆட்டத்துக்கு அம்பயராகப் போக அப்படி ஒரு கரி பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் சீட்டில் பார்த்தால் செங்கோடன். அண்ணன் ஒரு வழியாக மனம் இரங்கி, ஏர் பிடிப்பதைவிட வண்டி ஓட்டிப் பிழைக்கட்டும் என்று விட்டுவிட்டாராம். உடம்பு கொஞ்சம் கனத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது.

"வாங்க சாமி, முன்னால வந்து குந்துங்க" என்று பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்தான். வாரம் ஒருநாள் ராசிபுரத்தில் பூப்பந்து ஆடுவதாகவும், ஊர்ப் பொங்கலுக்கு இன்னும் சடுகுடுவில் இறங்குவதாகவும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். அந்த நாள் பேச்சை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மல்லூர் தாண்டி ஒரு மேட்டில் வண்டி மூச்சுத் திணறி நின்றுவிட்டது. அடுப்பைக் கிளறிக் கரி போட வேண்டும். எல்லோரும் இறங்கினோம். கண்டக்டர் இளவட்டம். என் பையிலிருந்து எட்டிப் பார்த்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு யாரென்று புரிந்துகொண்டான் போலிருக்கிறது.

"ஏனுங்க, அந்தக் கஜக்கோல் அம்பயரு நீங்கதானுங்களா? எங்க டிரைவரண்ணன் அன்னிக்கு அவுட்டே இல்லியாமே. நீங்க கைய மட்டும் தூக்காம இருந்திருந்தா அண்ணன் இன்னேரம் மதராசுல இருந்திருக்குமுங்க" என்றான். பயணிகளில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுப்புப் பக்கமிருந்து செங்கோடன் வந்தான். கையெல்லாம் கரி.

"ஆருடா சொன்னது அவுட் இல்லீன்னு? அவுட்டு" என்றான்.

"ஊரே சொல்லுதுங்கண்ணா."

"ஊரு கெடந்து எழுந்துச்சா அந்த மேட்டிங்ல? நாந்தான கெடந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். அதுவரை பேசாததை அப்போது பேசினான். "மேட்டிங் என்ர கைக்கு அடியில நகர்ந்ததை நான் உணர்ந்தனுங்க ராவுத்தரே. நீங்க பாத்திருக்க மாட்டீங்கன்னு நெனச்சு எந்திரிக்கப் போனேன். நீங்க அன்னிக்குச் சும்மா வெரலைத் தூக்கியிருந்தா, கோடு நகர்ந்ததாலதான் போச்சு, நெசமா நான் உள்ளதான் இருந்தேன்னு இத்தனை வருசமும் சொல்லிக்கிட்டே திரிஞ்சிருப்பனுங்க. பஸ்ஸு ஓட்டறப்பவும் அதையே நெனச்சு எங்கியாச்சும் மரத்துல கொண்டு மோதியிருப்பேன்."

அவன் கரி படிந்த ஆள்காட்டி விரலைக் கண்டக்டரின் முகத்துக்கு நேரே குறுக்காகப் பிடித்தான்.

"பாத்துக்க. இத்தனூண்டு. ஒலகத்துல தோக்கறவன் அத்தனை பேரும் தோத்துட்டோம்னுதான் சொல்லுவான். எத்தனைல தோத்தோம்னு எவனுக்காச்சும் தெரியுமா? எனக்குத் தெரியும்."

பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "ஏறுங்க சாமி, நாமக்கல்லுல மேட்டிங் இழுத்து வெச்சுக்கிட்டு உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருப்பாங்க" என்றான். நாங்கள் எல்லோரும் ஏறிக்கொண்டோம். அவன் வண்டியை மெதுவாக மேட்டில் ஏற்றினான்.